ஆள்வேகம் முப்பது

சாலையோரப் பலகையில் எண்பது என்று எழுதியிருந்தது. தாணுலிங்கத்தின் வேன் போனது எழுபத்தெட்டில். இதற்குப் பெயர் அதிவேகம், அதுவும் கடுங்குற்றம் என்று ஒருவர் கை காட்டி நிறுத்திச் சொன்னால், இருபத்தேழு வருடமாக ஸ்டியரிங் பிடித்தவனுக்கு எப்படி இருக்கும்? தாணுலிங்கத்துக்கு உச்சந்தலைவரைக்கும் ஏறியது.

தோவாளைப் பூச்சந்தையிலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்குப் பூ ஏற்றிப் போகிறவன் அவன். பிச்சியும் அரளியும் கேந்தியும் வெயில் உறைக்குமுன் போய்ச் சேர வேண்டும். குலுங்கினால் பூ உதிரும், தாமதித்தால் வாடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் உண்டு. அது அவன் காலுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் எல்லைக்கு அந்தப்பக்கம் ஓர் எச்சரிக்கைச் சீட்டுகூட அவன் வாங்கியதில்லை. அன்றைக்கு ஒரே வித்தியாசம், பக்கத்து இருக்கையில் மனைவி பகவதி இருந்தாள். திருவனந்தபுரத்தில் மகள் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. பத்தரைக்குள் பால் பொங்க வேண்டும். பட்டுச்சேலை கட்டி, பால் காய்ச்சுவதற்கான புது வெண்கலப் பானையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் பகவதி.

நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்னால்தான் நிறுத்தினார்கள். வந்தவர் வேகக் கட்டுப்பாட்டு அதிகாரி. சட்டைப் பட்டையில் பிரசன்னன் என்று பெயர் இருந்தது.

"சாரே, வண்டி ஓரத்துல இடணும். வேகம் கூடுதல்."

"எழுபத்தெட்டுதான் சார். இன்னா, போர்டைப் பாருங்க. எண்பது போட்டிருக்கு."

"அது ரோட்டோட வேகம். ஞான் சொல்றது ஆளோட வேகம்."

"ஆளுக்கு என்னங்க வேகம்?" என்று பகவதி கேட்டாள். அவள் எல்லை தாண்டி வருவது மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"அம்மே, இவிடத்த சட்டம் அப்படி," என்று பிரசன்னன் பொறுமையாகச் சொன்னார். "விதிச்ச வேகத்தைப் போல இரட்டி வேகத்துல போய்ப் பிடிபட்டா, அபராதம் இல்ல, ஜெயில் இல்ல. ஆளை முப்பதுல போடும். பிறகு அந்த ஆள் ஏறுற வண்டி எதா இருந்தாலும், பஸ்ஸோ ஆட்டோவோ, முப்பது கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது. இவிடத்த வண்டின்னா தானே முப்பதுல நின்னுடும். நிங்ஙளோடது தமிழ்நாட்டு வண்டி, அந்தப் பூட்டு இல்ல. அதனால டிரைவர்தான் பாத்து ஓட்டணும். முப்பது ஆளை வச்சு எழுபத்தெட்டுல ஓட்டினா, அது இரட்டிக்கும் மேல. கடுங்குற்றம்."

முப்பதுகாரர்களைத் தாணுலிங்கம் பார்த்திருக்கிறான். பாறசாலை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கதவை மறித்துக்கொண்டு அவர்களை ஏற்ற மாட்டார்கள். ஒருத்தரை ஏற்றினால் பஸ்ஸில் இருக்கிற அறுபது பேரும் ஊர்ந்தல்லவா போக வேண்டும்? ஆட்டோக்காரன் கண்டும் காணாததுபோலப் போய்விடுவான். கல்யாணத்துக்குப் போகிற வேனிலிருந்து பெண்ணின் சொந்த மாமனையே நடுவழியில் இறக்கிவிட்டுப் போனதைத் தாணுலிங்கம் கண்ணால் கண்டிருக்கிறான். பறந்தானல்லவா, இப்போது நடக்கட்டும் என்று அன்று சிரிக்கவும் செய்தான்.

"செரி சார். எங்க ரெண்டு பேருல யாரு முப்பது?"

பிரசன்னன் கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினார். ஓட்டுநர்: தாணுலிங்கம், ஆண், ஐம்பத்திரண்டு. முன்னிருக்கைப் பயணி: வில்பிரட், ஆண், நாற்பத்தொன்று. தண்டனை முடிய இன்னும் ஏழு மாதம்.

தாணுலிங்கம் பகவதியைப் பார்த்தான். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சி, மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"சார், இவ எம் பொண்டாட்டி. இருபத்தாறு வருசமா இவகூடத்தான் கெடக்கேன். வில்பிரட்டா இருந்தா எனக்குத் தெரியாமலா போயிரும்?"

பிரசன்னன் சிரிக்கவில்லை. "எந்த ஊர் வண்டியானாலும் சீட் பெல்ட் நாடி படிக்கும் சாரே, பதிவேடு எல்லைக்கு ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான். ஒவ்வொரு ஆளோட நெஞ்சும் அடிக்கிற விதம் வேற, விரல்ரேகை போல. பேரை மாத்திச் சொல்லலாம், முகத்தை மறைக்கலாம். நாடியை ஒண்ணும் செய்ய முடியாது."

தாணுலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. பகவதியின் வலது கை தானாக எழுந்து, மார்பின் நடுவே போய்ப் படிந்தது.

"ஏட்டி, சும்மா இரு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னும் எத்தன நாளைக்குங்க சும்மா இருக்கது?" என்றவள் பிரசன்னன் பக்கம் திரும்பினாள். "சார், என் நெஞ்சு என்னுது இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்ன மாத்தி வச்சது."

இதை அவள் வெளியாள் ஒருத்தரிடம் சொல்வது அதுவே முதல் தடவை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் அது பித்தப்பைக் கல். நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பகவதியின் நெஞ்சைத் திறந்து வேறொரு நெஞ்சை வைத்துத் தைத்தபோது, மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரம். வீட்டுக்கு அனுப்புகையில் நாடி மாற்றப் படிவம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். புது நெஞ்சைப் பகவதி பெயரில் பதிய வேண்டும். அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அலுவலர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பெண்ணின் அம்மாவுக்கு நெஞ்சுக் கோளாறு என்று ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தால் சம்பந்தம் அன்றோடு சரி. தாணுலிங்கம் படிவத்தை நாலாக மடித்து, வேனில் சாமி படத்துக்குப் பின்னால் செருகினான். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கல்யாணம் முடிந்தது. அந்தப் பிறகு மட்டும் வரவேயில்லை.

இப்போது அதே படிவத்தை உருவி எடுத்து, குங்குமத்தைத் தட்டிவிட்டு, பிரசன்னனிடம் நீட்டினான்.

"இது ரெண்டு வருசம் முன்னயே தந்திருக்கணும்," என்றார் அவர். குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? "எனக்கு மனசிலாகுது. ஆனா பதிவேட்டுல வில்பிரட் ஜீவனோட இருக்காரு. அவரை வச்சு நிங்ஙள் எழுபத்தெட்டுல போயிருக்கீங்க. ஞான் கேஸ் எழுதியே ஆகணும்."

எழுதினார். பதினைந்து நாளுக்குள் இது பகவதியின் நாடி என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் தாணுலிங்கத்தின் லைசென்ஸ் ரத்து, அதோடு மூன்று வருடத்துக்கு அவனும் முப்பது. அதுவரைக்கும் வேனுக்குப் பூட்டு. இரண்டு பேர் வந்து, தீப்பெட்டி அளவுக்கு எதையோ இஞ்சினில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு தாணுலிங்கம் என்ன மிதித்தாலும் முள் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரி, பஸ், சைக்கிளைவிடக் கொஞ்சம் பெரிதான பைக் எல்லாம் ஹாரன் அடித்தன. ஒருவன் ஜன்னலை இறக்கி, "மாட்டைக் கெட்டி இழுக்கணோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். பத்தே முக்காலுக்கு மகள் போன் செய்தாள். நல்ல நேரம் தப்பிவிடும் என்று அவளுடைய மாமியாரே வேறு பானையில் பாலைக் காய்ச்சிவிட்டாராம். "பரவால்லட்டி மக்கா, பொங்குச்சா? கிழக்க பாத்துப் பொங்குச்சா?" என்று பகவதி கேட்டாள். போனை வைத்தபிறகு, மடியிலிருந்த பானையின் விளிம்பைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். தாணுலிங்கத்துக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. யாரை என்பதுதான் தெரியவில்லை.

அதற்கடுத்த பன்னிரண்டு நாளும் பிரசன்னனின் அலுவலகம்தான் கதி. முதல் ஜன்னலில் இரண்டாவது ஜன்னலைக் காட்டினார்கள், இரண்டாவதில் மூன்றாவதை. மூன்றாவது ஜன்னலில் இருந்த குமாஸ்தா மரியாதையான மனிதர். மரியாதையாகவே உயிரை எடுத்தார்.

"வில்பிரட் செத்துப்போனதுக்கு ஊராட்சியில சர்ட்டிபிகேட் இருக்குல்லா சார்?"

"இருக்கு. அது ஊராட்சிக்கு. நம்ம பதிவேட்டுல நாடி ஓடுது. போன வியாழன்கூட சுசீந்திரம் போய் வந்திருக்காரு."

"போனது எம் பொண்டாட்டி! நாடி ஓடுகது அவ ஒடம்புக்குள்ள!"

"அப்போ அம்மா பேருல பதிஞ்சிட்டு வரணும்."

"நாகர்கோவில்ல பதியத்தான் போனேன். இந்த நாடி வேற ஒருத்தர் பேருல கெடக்கு, முதல்ல அந்த ஆளை எடுத்துட்டு வான்னு சொல்லுகான்."

"கரெக்ட். அந்த ஆளை எடுக்கணும்னா வீட்டாள் கையெழுத்து வேணும். வில்பிரட்டோட பார்யை ஷைலா. மூணு தடவை கடிதம் அனுப்பினோம். ஒப்பிட மாட்டேன், கையெழுத்து இல்லன்னுட்டாங்க."

"ஏன் மாட்டாளாம்?"

"அந்தக் காரணம் எழுதுறதுக்கு எங்க படிவத்துல இடம் இல்ல சாரே."

நெஞ்சைக் கொடுத்தது யார் என்று இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் பகவதி கேட்டுப் பார்த்தாள். ஒரு கும்பிடு போட வேண்டும் என்றாள். அது ரகசியம், சொல்லக்கூடாது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது குற்றப்பத்திரிகையின் கடைசியில், நகல் பெறுபவர் என்று போட்டு, ஷைலா, வீட்டு எண், பாறசாலை என்று பளிச்சென்று அச்சடித்திருந்தது. அவ்வளவுதான் ரகசியத்தின் லட்சணம்.

இதற்கிடையில் முப்பதில் போய்ச் சேர்ந்த பிச்சியெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டது. பன்னிரண்டாம் நாள் சந்தையில் வியாபாரிகள் கூடிப் பேசி, "அண்ணாச்சி, ஒம்ம கேஸ் முடியட்டும்," என்று லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து தாணுலிங்கம் அவர்களைத்தான் குற்றம் சொன்னான். பிறகு சட்டத்தை, பிரசன்னனை, மாப்பிள்ளையின் தாய்மாமனை. கடைசியில், கையெழுத்துப் போடாத அந்த ஷைலாவை.

"என்னமோ எதிர்பாக்கா. புருசன் நெஞ்சு இங்க ஓடுகுல்லா, அதை வச்சு நம்மள ஆட்டிப் பாக்கா. நாளைக்கு நேர்ல போயி நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் சரிப்படும்."

"நானும் வாறேன்," என்றாள் பகவதி.

"நீ வண்டியிலயே இருக்கணும். எறங்கப்பிடாது."

பாறசாலைச் சந்திப்பில் ஷைலா வைத்திருந்தது ஒரு ஜெராக்ஸ் கடை. முப்பத்தைந்து வயது இருக்கும். காது மடலில் ஒரு பென்சில். தாணுலிங்கம் படி ஏறும்போதே தொடங்கிவிட்டான்.

"ஏம்மா, நாந்தான் தோவாளை தாணுலிங்கம். பேப்பர் வந்திருக்கும்லா? ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட ஒங்களுக்கு என்ன கேடு? நான் வண்டி ஓட்டிப் பொழைக்கவன். நாளன்னைக்குள்ள நீங்க ஒப்பிடாட்டி லைசென்ஸும் போச்சு, நானும் முப்பது. செத்தவருக்கு இனி ஒண்ணும் ஆவப் போறதில்ல. இருக்கவன் சாகணுமா?"

அவள் கோபப்படவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வைத்தாள்.

"இதைப் பாத்துட்டு ஏசுங்க அண்ணா."

உள்ளே அரசு முத்திரை போட்ட தாள்கள், மாதத்துக்கு ஒன்றாக. தண்டனை பெற்றவர் எங்கெங்கே போனார் என்று மாதாமாதம் வீட்டுக்குத் தெரிவிப்பார்கள், வீட்டார் கண்டித்து வைப்பதற்காக. தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், வேகம் என்று நாலு கட்டம். தோவாளை, சுசீந்திரம். தோவாளை, வடசேரி. தோவாளை, ஒழுகினசேரி. எல்லாம் அவன் ஓட்டிய ஓட்டம். பகவதி கடைக்குப் போனதும் கோயிலுக்குப் போனதும் வரிவரியாக அதில் இருந்தது.

"முதல் பேப்பர் வந்தப்பம் ஆபீஸ்காரங்களுக்குப் பைத்தியமான்னு நெனச்சேன்," என்றாள் ஷைலா. "அடக்கம் பண்ணி நாப்பது நாளு ஆயிருக்கு. வில்பிரட் சுசீந்திரம் போனாருன்னு எழுதி வந்திருக்கு. பிறகுதான் மனசிலாச்சு, எங்கயோ அந்த நெஞ்சு நல்லா இருக்கு, வண்டியேறிப் போகுது வருதுன்னு. மாசம் பொறந்தா தபால்காரரை எதிர்பாத்து நிப்பேன். ஒப்பிட்டா இது நின்னுடும்லா. அதான் போடல. ஒங்களுக்குக் கேஸ் ஆவும்னு நேத்து அந்த நகல் வர்றதுவரைக்கும் சத்தியமா எனக்குத் தெரியாது."

தாணுலிங்கம் கொண்டுவந்திருந்த நாலு நறுக்கு வார்த்தையில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"ஒருநாள் பஸ் ஏறித் தோவாளைக்கு வந்தேன். சந்தை வாசல்வரைக்கும் வந்து, ரெண்டு முழம் பூ வாங்கிட்டுத் திரும்பிட்டேன். யாரைன்னு போய்க் கேக்க?" ஷைலா ஒரு தாளை எடுத்தாள். "அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? வியாழக்கிழமை சுசீந்திரம், அது கோயில். வடசேரி, சந்தை. ஆனா மாசத்துல ஒருநாள் ஒழுகினசேரிக்குப் போய் அப்பமே திரும்புறது எதுக்கு?"

"அங்க ஒருத்தி ரவிக்கை தைப்பா," என்று வாசலிலிருந்து பதில் வந்தது. பகவதி இறங்கி வந்திருந்தாள். "தழும்பு தெரியாம இருக்க, கழுத்தை ஏத்தித் தையின்னா அவளுக்கு வெளங்காது. ஒவ்வொரு தடவையும் பிரிச்சுத் தைக்கக் குடுத்துட்டு வருவேன்."

ஷைலா எழுந்து நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று தாணுலிங்கம் பயந்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஷைலா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"படி ஏறினா மூச்சு வாங்குமா அக்கா?"

"முன்ன வாங்கும். இப்பம் இல்ல. இவருதான் வாங்குவாரு."

"அவருக்கும் வாங்காது. தென்னை ஏறுவாரு." ஷைலா மேஜையிலிருந்த கோப்பை மூடினாள். "தென்னையில இருந்துதான் விழுந்தாரு."

"முப்பது எப்படிம்மா வந்துது?" என்று தாணுலிங்கம் கேட்டான். யாரையாவது காப்பாற்றப் பறந்திருப்பான், ஏதாவது நியாயம் இருக்கும் என்று நினைத்தான்.

"சும்மாதான். புது பைக். எவ்வளவு போவும்னு பாக்கணும்னு ஓட்டினாரு. தப்புதான், இல்லேன்னு சொல்லல. ஸ்கூல் பிள்ளைங்க நடக்குற ரோடு அது. முப்பது போட்டப்பம் நானே அவரை ஏசினேன்." பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தாள். "ஆனா மரத்துல இருந்து விழுந்து தலையில அடிபட்டப்பம் ஆம்புலன்ஸ் வந்துது. இவரைத் தூக்கிப் படுக்க வச்சு பெல்ட் போட்டதும் வண்டி முப்பதுல நின்னுடுச்சு."

"ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டுமே?"

"உண்டு. ஒரு ஆபீசர் அனுமதிக்கணும். டிரைவர் பதிமூணு தடவை போன் செஞ்சாரு. ஆபீசர் மீட்டிங்குல இருந்தாரு. இங்கருந்து திருவனந்தபுரம் ஒரு மணிக்கூறு பத்து நிமிசம். நான் பின்னால உக்காந்து ரத்தத்தைத் துணியால பொத்திப் பிடிச்சிருக்கேன். சைரன் அடிச்சிட்டே மாட்டுவண்டி போல போறோம். எல்லாரும் வழி விட்டாங்க அண்ணா. ஒதுங்கி நின்னு வழி விட்டாங்க. போறதுக்குத்தான் வண்டிக்கு வேகம் இல்ல. அரைமணிக்கூறு முன்ன வந்திருந்தாப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

பகவதி ஸ்டூலை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

"பிறகு நெஞ்சைக் கேட்டாங்க. குடுத்தேன். பெட்டியில வச்சு வேற ஆம்புலன்ஸுல ஏத்தினாங்க. அடிக்காத நெஞ்சுக்கு நாடி இல்லல்லா, பூட்டு விழல. எல்லைவரைக்கும் போலீஸ் நின்னு, ரோட்டுல ஈ காக்கா இல்லாம ஒதுக்கிக் குடுத்தாங்க." ஷைலா மேஜையிலிருந்த பென்சிலை உருட்டினாள். "அவரை முப்பதுல கொண்டு போனாங்க. அவரு நெஞ்சை மட்டும் நூத்தி இருபதுல கொண்டு போனாங்க."

தாணுலிங்கத்துக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, அந்தப் பெட்டி வரவில்லை வரவில்லை என்று கண்ணில் பட்ட நர்ஸையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தான். ஓட்டத் தெரியாதவன் எவனையோ அனுப்பியிருக்கிறார்கள், நான் போயிருந்தால் இதற்குள் வந்திருப்பேன் என்று கத்தினான். நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டது என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். அப்போதும் அவனுக்குத் திருப்தியில்லை. இப்போது அந்தச் சத்தம் தன் காதிலேயே விழுவதுபோல இருந்தது. வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஷைலா கண்ணைத் துடைத்துவிட்டு, பகவதியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"அக்கா, நீங்க மகள் வீட்டுக்கு இங்க வந்து போவீங்க இல்லியா?"

"ஆமா. இனிமே வரணும்."

"வந்த இடத்துல ஒங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, ஏத்துறது இங்கத்த ஆம்புலன்ஸ்தானே."

பன்னிரண்டு நாளாக லைசென்ஸ், லோடு, பூட்டு என்று அடித்துக்கொண்ட தாணுலிங்கத்துக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றவேயில்லை. பகவதியைப் படுக்கவைத்து, சைரன் போட்டு, முப்பதில் ஊர்ந்துபோகும் வண்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. எல்லாம் தன் கையால் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிய அந்தக் காகிதத்தால்.

"கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் குடுங்க அண்ணா," என்று ஷைலா கை நீட்டினாள். "அந்த நெஞ்சு இன்னொருக்கா முப்பதுல போகப்பிடாது."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஜெராக்ஸ் கடைக்காரி அல்லவா, நகல் இரண்டு எடுத்து, ஒரு மூலையில் பின் அடித்து, இது அலுவலகத்துக்கு, இது உங்களுக்கு என்று பிரித்தும் கொடுத்தாள். எதற்கும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் படி இறங்கும்போது மட்டும் கேட்டாள்.

"அடுத்த மாசம் அந்தப் பேப்பர் வராதுல்லா?"

"வராதும்மா," என்றான் தாணுலிங்கம்.

கேஸ் தள்ளுபடி ஆனது. மூன்றாவது ஜன்னல் குமாஸ்தா எழுந்து நின்று கை குலுக்கினார். பிரசன்னனே வந்து பூட்டைக் கழற்றினார். தண்டனையில் ஏழு மாதம் நிறைவேறாமல் முடிக்கப்பட்டது என்று வருத்தம் தெரிவிப்பதுபோல ஷைலாவுக்கு ஒரு கடைசிக் கடிதம் போனதாம். எல்லை தாண்டும்போது இப்போது திரையில் சரியாக வந்தது: முன்னிருக்கைப் பயணி, பகவதி, பெண், நாற்பத்தொன்பது. அந்தப் பதிவுக்காக மாப்பிள்ளையின் தாய்மாமன் அலுவலராக விசாரணைக்கு வந்தபோது, எல்லாவற்றையும் கேட்டு, "இதையா இத்தன நாளா மறைச்சிய? எம் பொண்டாட்டிக்கும் நெஞ்சுல வால்வு மாத்தினதுதான். நாங்களும் வெளிய சொல்லல," என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். தாணுலிங்கத்துக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது.

சந்தையில் பழையபடி லோடு கிடைத்தது. மாதம் பிறந்த அன்று காலை, பூ ஏற்றி முடித்து வண்டியை எடுக்கப்போனவனைப் பகவதி நிறுத்தினாள். கையில் மகளுடைய பழைய நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அடிமட்டம் வைத்து நாலு கட்டம் போட்டிருந்தாள். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம். சுசீந்திரம் நாலு தடவை, வடசேரி இரண்டு, ஒழுகினசேரி ஒன்று. அதற்கு நேரே, இந்த முறை ரவிக்கை சரியாக இருக்கிறது என்று சின்ன எழுத்தில் சேர்த்திருந்தாள்.

"வேகம்னு ஒரு கட்டம் இருக்கு. அது ஓட்டினவருக்குத்தானே தெரியும்," என்று பேனாவை நீட்டினாள்.

"இது என்னட்டி கூத்து? கேஸ்தான் முடிஞ்சு போச்சே. வெயில் ஏறுகு, பிச்சி வாடிரும்," என்று எரிந்து விழுந்தான். ஆனால் பேனாவை வாங்கிக்கொண்டான். தாளை ஸ்டியரிங்மேல் வைத்து, சுசீந்திரத்துக்கு அறுபத்திரண்டில் போனதை நினைத்துப் பார்த்து, ஆறு என்று எழுதப் போனவன் நிறுத்தினான். படிக்கப்போவது ஷைலா. பிறகு அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரைக்கும், எல்லா வரிக்கும் ஒரே வார்த்தையாக, பைய என்று எழுதினான்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். தபாலில் போட வேண்டியதில்லை. பாறசாலை போகிற வழியில்தான் இருக்கிறது.